நாய்களுக்குப் பின்னால் நடந்த மதில்

சேவல்பாளையம் மயில்சாமி நகர் மூன்றாவது வீதியில், மாவுக்கடைப் பூங்கோதை வீட்டுக்கும் மட்டைமில் ராஜமாணிக்கம் வீட்டுக்கும் நடுவில் பதினோரு வருஷமாக அசையாமல் நின்றிருந்த மதில் சுவர், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டரை மணிக்கு, தெருவே சாப்பிட்டுவிட்டுக் கண்ணசந்திருந்த நேரத்தில், ராஜமாணிக்கம் வீட்டுப் பக்கமாக ஒரு சாண் நடந்தது. விரிசல் விடவில்லை, சுண்ணாம்பு உதிரவில்லை, மேலே பதித்திருந்த கண்ணாடிச் சில்லுகளில் ஒன்றுகூட ஆடவில்லை. சுவரில் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஓணான் மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஓடுகிற பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தவனைப் போல மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டது.

அதற்கு முந்தின நாள் நடந்ததைச் சொன்னால்தான் இது விளங்கும்.

ராஜமாணிக்கம் பொருள் வாங்குவதில் பிரியமுள்ள மனுஷன். தேங்காய் மட்டையிலிருந்து நார் உரிக்கிற மில்லை ஒற்றை ஆளாக நின்று நடத்துகிறவர். காலையில் போனால் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வருவார், வரும்போது எதையாவது வாங்கிக்கொண்டு வருவார். வீட்டுக்குள்ளேயே நடக்கிற மெஷின், தேக்கு ஊஞ்சல், மீன் தொட்டி என்று வந்த ஒவ்வொன்றுக்கும் முதல் நாள் ஒரு சந்தோஷம் இருக்கும், அப்புறம் அதன் மேல் துணி காயும். மூன்று வருஷத்துக்கு முன்னால் குட்டியாக ஜூலி வந்தாள், ராஜபாளையத்து வெள்ளை நாய். மகன் படிக்க வெளிநாடு போன வருஷம் பிரின்ஸ் வந்தான், கறுத்த லாப்ரடார். நாய்களின் மேல் துணி காயப்போட முடியாது என்பதால், மதிலுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த ஆறடிச் சந்தில் இரண்டு இரும்பு முளை அடித்து, ஆளுக்கு நாலு முழச் சங்கிலியில் கட்டிவிட்டார்கள். நினைவிருந்த நாளில் சோறு விழும். நினைவில்லாத நாளில் தண்ணீர்க் குண்டா கவிழ்ந்து கிடக்கும். பங்குனி வெயில் சிமெண்டுத் தரையைத் தோசைக்கல்லாக்குகிற நேரத்தில் இரண்டும் மாறி மாறி ஒரு முனகல் முனகும். அது குரைப்பும் இல்லை, ஊளையும் இல்லை. கேட்கிறவர்களிடம் எதையோ கேட்டுவிட்டு, கேட்டதற்காகத் தானே வெட்கப்படுகிற சத்தம்.

மதிலுக்குக் கிழக்கே இருந்த பூங்கோதைக்கு அந்தச் சத்தம் கேட்காமலிருக்க ஒரே வழிதான் இருந்தது. அவள் இட்லி மாவு அரைத்து விற்கிறவள். முனகல் ஆரம்பித்ததும் இரண்டு கிரைண்டர்களையும் ஓடவிடுவாள். முனகல் நிற்கிற வரைக்கும் கிரைண்டர் நிற்காது. பூங்கோதை கடை மாவில் இட்லி சுட்டால் பஞ்சு மாதிரி இருக்கிறது என்று நான்காவது வீதியிலிருந்தெல்லாம் தூக்குவாளியோடு வந்தார்கள். மாவு அவ்வளவு நேரம் அரைபடுவதற்கு என்ன காரணம் என்று வந்தவர்கள் யாருக்கும் தெரியாது. அவள் புருஷன் நாச்சிமுத்து மினி பஸ் ஓட்டுகிறவன், நல்லவன், எதற்கெடுத்தாலும் "நமக்கெதுக்குங் வம்பு" என்று ஒரு வாக்கியம் வைத்திருந்தான். பூங்கோதைக்கோ சின்ன வயதில் நாய் கடித்துத் தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட பயம் இன்னும் போகவில்லை. பயமும் வம்பும் சேர்ந்து இரண்டு வருஷம் அந்தக் கிரைண்டர்களைச் சுற்ற வைத்தன.

அந்தத் திங்கட்கிழமை கரண்ட் போய்விட்டது. கிரைண்டர் ஓடவில்லை. முனகல் மட்டும் ஓடியது. பூங்கோதை சமையல்கட்டில் காதைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள், பிறகு மதிலோரம் கிடந்த துவைக்கிற கல்லின் மேல் ஏறி, ரப்பர் குழாயை மதிலுக்கு மேலே நீட்டி, அந்தக் கவிழ்ந்த குண்டாவின் பக்கமாகத் தண்ணீரை விட்டாள். நாய்கள் குண்டாவைத் தேடவில்லை. விழுகிற தண்ணீரையே கடித்தன.

சாயங்காலம் ராஜமாணிக்கம் அவள் வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா, எங்கூட்டு நாய்க்குத் தண்ணி ஊத்தறதுக்கு எங்களுக்கு வக்கில்லைன்னு உங்ககிட்ட ஆராச்சுஞ் சொன்னாங்களா?"

"இல்லீங்ணா. வெயிலு நெம்ப இருந்துச்சு, அதான்."

"மதிலு எதுக்குக் கட்டியிருக்குது? அக்கட்டால இருக்கறது அக்கட்டால இருக்கோணும், இக்கட்டால இருக்கறது இக்கட்டால இருக்கோணும்."

பூங்கோதை தலையாட்டினாள். நாச்சிமுத்து தன் வாக்கியத்தைச் சொன்னான். மறுநாள் மத்தியானம் மதில் நடந்தது.

முதலில் கண்டது பூங்கோதைதான். மதிலோடு ஒட்டிக் கிடந்த துவைக்கிற கல்லுக்கும் மதிலுக்கும் நடுவில் ஒரு சாண் ஈர மண் தெரிந்தது. பதினோரு வருஷமாக வெயிலே படாத மண், அதில் நாலு மண்புழு என்ன செய்வதென்று தெரியாமல் நெளிந்துகொண்டிருந்தன. புதன்கிழமை இன்னொரு சாண். வியாழக்கிழமை இரண்டு சாண். பூங்கோதை சொன்னபோது நாச்சிமுத்து வந்து பார்த்தான், குனிந்து பார்த்தான், தள்ளிப் பார்த்தான், "நீ வெளியில சொல்லாத, நாமதான் தள்ளுனோம்பாங்க" என்று சொல்லிவிட்டு பஸ் எடுக்கப் போய்விட்டான்.

சனிக்கிழமை மதில் நாய்கள் கட்டியிருந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது. பூங்கோதை அதைக் கண்ணால் பார்த்தாள். படுத்திருக்கிற உயிரைத் தாண்டக்கூடாது என்பது அந்தச் சுவருக்கும் தெரிந்திருந்ததோ என்னவோ, அது தாண்டவில்லை. கீழ்ப்பக்கத்தில் ஒரு வாசல் அளவுக்குத் தன்னைத் தானே திறந்தது, நாய்களும் முளைகளும் குண்டாவும் அதற்குள் நுழைகிற மாதிரி மெல்ல மேற்கே நகர்ந்தது, கடைசியில் ஜூலியின் வால் நுனி வெளியே வருகிற வரைக்கும் பொறுத்திருந்து மூடிக்கொண்டது. மேலே நின்ற மஞ்சள் பூனையொன்று இறங்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டது. இப்போது இரண்டு நாய்களும் இக்கட்டால, மதிலுக்கு இந்தப் பக்கம், பூங்கோதையின் கால்மாட்டில், வாலை ஆட்டுவதா ஒடுங்குவதா என்று தெரியாமல் அவளைப் பார்த்தன. அவள் முதலில் வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்தினாள். பிறகு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பிறகு மாவு வழிக்கிற பெரிய பாத்திரம் நிறையத் தண்ணீரைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தாள்.

மாட்டு டாக்டர் வந்து ஜூலியின் கழுத்தைப் பார்த்தார். வளர்கிற வயதில் மாட்டின பட்டை, அவிழ்க்காமல் விட்டதில் சதைக்குள்ளேயே இறங்கியிருந்தது.

"இன்னும் பத்து நாள் போயிருந்தா மூச்சுக்குழல்ல எறங்கியிருக்கும்மா," என்றார் டாக்டர், பட்டையைக் கத்தரித்து எடுத்துக்கொண்டே. "சங்கிலியே மறுபடி கழுத்துல படக்கூடாது. ஆரு ஊட்டு நாய் இது?"

பூங்கோதை மதிலைப் பார்த்தாள். "அக்கட்டால இருந்துச்சுங். செவுரு கொண்டாந்து உட்டுட்டுப் போச்சு."

டாக்டர் தலையாட்டிக்கொண்டே மருந்து எழுதினார். அவருக்கு நாலு தாலுகா மாடுகளைப் பார்த்த அனுபவம் இருந்தது, சுவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கவில்லை.

ராஜமாணிக்கம் சர்வேயரைக் கூட்டிக்கொண்டு வந்தார். சர்வேயர் கிழக்கே அளந்தார், மேற்கே அளந்தார், வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்து அளந்தார், துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு மறுபடியும் அளந்தார். அவர் அளந்துகொண்டிருக்கும்போதே மணி இரண்டரை ஆனது, டேப்பின் நுனியைப் பிடித்திருந்த உதவியாளின் கையிலிருந்து மதில் ஒரு அடி விலகிப் போனது.

"ஏனுங் சார், எழுதிக்கோங்க, அவிங்க ஆக்கிரமிப்புப் பண்றாங்க," என்றார் ராஜமாணிக்கம்.

"அவிங்க எங்கீங்க பண்றாங்க. அந்தம்மா சும்மா நின்னுட்டிருக்குது. செவுரு பண்ணுது. செவுத்து மேல கேஸுப் போடறதுக்கு எங்ககிட்ட ஃபாரம் இல்லீங்," என்றார் சர்வேயர், டேப்பைச் சுருட்டிக்கொண்டே.

ராஜமாணிக்கம் நாய்களைப் பிடித்துக்கொண்டு போனார். பூங்கோதை ஜூலியின் கழுத்துக் கட்டைக் காட்டி, "சங்கிலி வேண்டாம்னு டாக்டர் சொன்னாருங்ணா," என்றாள், சொன்னது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. கிழக்குச் சந்துதான் போய்விட்டது, மேற்குச் சந்து இருக்கிறதே என்று அவர் வீட்டுக்கு அந்தப் பக்கத்தில் புதிதாக முளை அடித்து, கட்டுக்கு மேலேயே புதுப் பட்டையை மாட்டிக் கட்டினார். இப்போது நாய்களுக்கும் மதிலுக்கும் நடுவில் ஒரு முழு மாடி வீடே இருந்தது. இனி இது எப்படி வருகிறது பார்க்கலாம் என்றார்.

மதில் ஒரு நாள் ஓய்வெடுத்தது. அந்த ஒரு நாளில் ஊருக்குச் செய்தி போய்விட்டது.

ஊர் ஆச்சரியப்பட்டதா என்றால், ஆச்சரியப்பட அதற்கு நேரமில்லை, அதற்கு வேறு வேலைகள் இருந்தன. மத்தியானத் தூக்கத்தை எல்லோரும் மூன்றரைக்குத் தள்ளிவைத்தார்கள். இரண்டேகாலுக்கு மூன்றாவது வீதியில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசை போட்டன. வேர்க்கடலை வந்தது, கம்மங்கூழ் வந்தது, தர்பூசணி வந்தது. யாரோ மதிலின் நடுவில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள், மறுநாள் வேப்பிலை கட்டினார்கள், அதற்கு மறுநாள் அது நடையாத்தா ஆகிவிட்டது. குங்குமத்துக்கு மூன்றடி தள்ளி ஒரு கட்சிக்காரர் வந்து வெள்ளையடித்து, "முன்னேறுவோம்" என்று எழுதிவிட்டுப் போனார். ஊர்ந்து போகிற சுவரில் எழுதினால் எழுத்தும் ஊர்ந்து போகும் என்று கண்டுபிடித்த ஜவுளிக்கடைக்காரர் மீதி இடத்தைப் பிடித்துக்கொண்டார். பள்ளிக்கூட வாத்தியார் பிள்ளைகளைக் கூட்டிவந்து வேகம், தூரம், காலம் கணக்குப் போட வைத்தார், அந்த வருஷம் அந்தக் கணக்கில் ஒருத்தரும் தப்புச் செய்யவில்லை. பங்காளிச் சண்டையில் வரப்பு பறிபோன ஒருவர் ஆனைமலையிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து, வெற்றிலைபாக்கு வைத்து, எங்க தோட்டத்துக்கும் ஒரு தடவை வந்துட்டுப் போங்க என்று மதிலைக் கும்பிட்டார். மதில் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது, யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை. மேற்கே பார்த்து நடந்தது. யாருக்காக நடக்கிறது என்று அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை. கைதட்டல் நின்று நாற்காலிகளை மடிக்கிற நேரத்தில், வீட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஜூலியின் முனகல் கேட்கும். பூங்கோதைக்கு மட்டும் கேட்கும். அவள் இப்போதெல்லாம் கிரைண்டரைப் போடுவதில்லை.

ராஜமாணிக்கம் மூங்கில் முட்டுக் கொடுத்துப் பார்த்தார். மணல் மூட்டை அடுக்கிப் பார்த்தார். கடைசியில் மில்லிலிருந்து லாரிச் சங்கிலி கொண்டுவந்து, மதிலை வாசல் தூணோடு சேர்த்துக் கட்டிப் பூட்டுப் போட்டார். மதில் அன்றைக்குச் சங்கிலியோடும் தூணோடும் நடந்தது. தூண் போன இடத்தில் போர்டிகோ தானே நின்றுகொண்டது, கூட்டம் ரொம்ப நேரம் கைதட்டியது.

பிறகு அது வீட்டுக்குள் நுழைந்தது. தலைக்குள் சீப்புப் போகிற மாதிரி போனது, ஒரு செங்கல் விழவில்லை. திலகவதி, ராஜமாணிக்கத்தின் மனைவி, சமையல்கட்டில் நின்று ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். கறிவேப்பிலையைப் போட்டுவிட்டுத் திரும்பினால், ஹாலுக்குப் போகிற வாசல் இருந்த இடத்தில் குங்குமமும் வேப்பிலையும் ஜவுளிக்கடை விளம்பரமுமாக ஒரு மதில் நின்றது. அவள் அடுப்பை அணைத்தாள். சமையல்கட்டின் பக்கக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். அது பூங்கோதையின் வாசலாக இருந்தது.

"அம்மிணி, எங்கூட்டு அடுப்படி உங்கூட்டுக்கு வந்துருச்சு," என்றாள் திலகவதி.

"வாங்கக்கா. உக்காருங்க," என்றாள் பூங்கோதை. பதினோரு வருஷத்தில் அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான்.

அன்றிலிருந்து ராஜமாணிக்கத்துக்குச் சோறு வேண்டுமென்றால், திலகவதி பூங்கோதை வாசல் வழியாகத் தெருவுக்கு வந்து, தெருவோடு நடந்து, அவர்கள் கேட்டைத் திறந்துகொண்டு போக வேண்டும். ரசம் கேட்டால் இன்னொரு நடை. அப்பளம் கேட்டால் இன்னொரு நடை. திலகவதிக்கு முட்டி வலி இருந்தது. ஆனாலும் நாளுக்கு நாள் அவள் முகம் தெளிந்துகொண்டே வந்ததைத் தெருவே பார்த்தது. மூன்றாம் நாள் காலை, ராஜமாணிக்கம் மில்லுக்குப் போனதும், அவள் இரண்டு நாய்களையும் அவிழ்த்துத் தெரு வழியாகக் கிழக்கே கூட்டிவந்தாள்.

"மொதல்ல ஜூலி வந்தப்ப என்ற மடியிலதான் தூங்குச்சு," என்றாள், நாயின் கழுத்தில் மஞ்சளும் மருந்தும் கலந்து வைத்துக்கொண்டே. "நாயிக்கு எடங்குடுத்தா ஊட்டுக்குள்ள வந்துரும், வெளிய கட்டுன்னு அவரு சொன்னாரு. கட்டினேன். அப்பறம் அது அழுகறப்பல்லாம் டீவியச் சத்தமா வெச்சுக்குவேன்."

பூங்கோதை மருந்துக் கிண்ணத்தை அவள் பக்கமாக நகர்த்தினாள். பிறகு, "நான் கிரைண்டரப் போட்டுக்குவேனுங்க்கா," என்றாள்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரிப்பதற்கான விஷயமே இல்லை, ஆனால் எங்கிருந்தோ சிரிப்பு வந்தது, அடக்க அடக்க வந்தது, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் வந்தது. பிரின்ஸ் இரண்டு பேரையும் மாறி மாறி நக்கினான். பூங்கோதைக்குத் தொப்புளைச் சுற்றின ஊசியெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது, ஆனாலும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அன்று மத்தியானம் மதில் நடக்கவில்லை. நாற்காலிக்காரர்கள் மூன்று மணி வரை காத்திருந்துவிட்டு, ஆத்தாளுக்கு இன்னிக்கு விரதம் போல என்று சொல்லிக் கலைந்தார்கள். அடுத்த நான்கு நாளும் விரதம்தான். காலையில் நாய்கள் கிழக்கே வரும், குளிக்கும், தின்னும், ஆறு மணிக்குள் மேற்கே போய்ச் சங்கிலிக்குள் கழுத்தைக் கொடுக்கும்.

ஐந்தாம் நாள் ராஜமாணிக்கம் மில்லில் மோட்டார் புகைந்து பதினொரு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டார். வெறும் முளைகளைப் பார்த்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் இரண்டு பெண்களின் சிரிப்பையும் பிரின்ஸின் குரைப்பையும் கேட்டார். அவருக்கு வந்தது கோபம்கூட இல்லை. அரை வீட்டில் உட்கார்ந்து, தன் வீட்டுச் சத்தத்தைத் தான் மட்டும் வெளியிலிருந்து கேட்கிற ஒரு மனுஷனுக்கு என்ன வருமோ அது வந்தது. நாய் இருந்தால்தானே சுவர் நடக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. தெரு வழியாக வந்தார், இரண்டு நாய்களையும் இழுத்துக்கொண்டு போனார். ஜூலியின் கட்டு அவிழ்ந்து மண்ணில் புரண்டுகொண்டே போனது. காரின் டிக்கியைத் திறந்து உள்ளே தூக்கிப் போட்டு மூடினார்.

"எங்கீங்க கொண்டு போறீங்க?" என்று திலகவதி கேட்டாள்.

"மலையடிவாரத்துல உட்டுட்டு வந்தர்றேன். பொழச்சுக் கெடக்கட்டும்," என்றார். கார் கிளம்பிவிட்டது.

அப்போது மணி பதினொன்றேகால். இரண்டரைக்கு முன்னால் அந்த மதில் ஒருநாளும் அசைந்ததில்லை. அன்றைக்கு அசைந்தது. வீட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தது, வந்த வழியில் ஹாலும் அடுப்படியும் பழையபடி ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. தெருவில் இறங்கியதும், அறுபதடி அகலத்தில் இந்தத் தெருவில் போக முடியாது என்று கண்டு, நீளவாக்கில் திரும்பிக்கொண்டு, குங்குமம் முன்னால், "முன்னேறுவோம்" நடுவில், ஜவுளிக்கடை பின்னால், மஞ்சள் பூனை உச்சியில் என்று மூன்றாவது வீதியில் நடந்தது. முனை திரும்பியதும் ஓடத் தொடங்கியது.

அதே நேரத்துக்கு நாச்சிமுத்துவின் மினி பஸ் முனைக்கு வந்தது. பூங்கோதை நடுரோட்டில் கையை விரித்து நின்றாள், பக்கத்தில் திலகவதி.

"ஏனுங்க, அந்தச் செவுத்துக்குப் பின்னாலயே உடுங்க."

பஸ்ஸுக்குள் முப்பது பேர் இருந்தார்கள். சந்தைக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், கோழிக்கூடையோடு ஒரு பெண். நாச்சிமுத்து பெண்டாட்டியைப் பார்த்தான், ஓடுகிற மதிலைப் பார்த்தான். அவன் வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்தது, வந்த வழியே திரும்பிப் போனது.

"ஏறுங்க ரெண்டு பேரும்," என்றான்.

"ரூட்டு மாறுதுங்ணா," என்றான் கண்டக்டர்.

"மாறட்டும். விசிலை ஊது."

கண்டக்டர் ஊதினான். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் முதலில் ஆட்சேபித்தார், கடைவீதியில் திரும்பும்போது அவரே ஜன்னலில் தலையை நீட்டி, எடது பக்கமா வாங்க, எடது பக்கமா, என்று வழி சொல்ல ஆரம்பித்தார். சந்தை நாள். தக்காளிக்காரர்கள் கூடையை இழுத்துக்கொண்டார்கள், பூக்காரி எழுந்து நின்று கும்பிட்டு ஒரு முழம் மல்லிகையை மதிலின் மேல் எறிந்தாள், அது பூனையின் கழுத்தில் விழுந்தது. நாற்சந்தியில் நின்ற டிராபிக் போலீஸ்காரர் மூன்று பக்க வண்டிகளையும் கை நீட்டி நிறுத்தி, மதிலைப் போகச் சொன்னார், பின்னால் வந்த மினி பஸ்ஸைப் போகச் சொன்னார், அதற்குப் பின்னால் வந்த பதினேழு மோட்டார் சைக்கிளையும் இரண்டு டிராக்டரையும் ஒரு ஐஸ் வண்டியையும் போகச் சொன்னார், பிறகு தானும் ஒரு மோட்டார் சைக்கிளில் தொற்றிக்கொண்டார். பஸ்ஸுக்குள் கோழிகள் கத்தின. யாரோ கைதட்டினார்கள், யாரோ குலவையிட்டார்கள். திலகவதி முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முட்டி வலியெல்லாம் மறந்து, நின்றுகொண்டே வந்தாள்.

ரயில் கேட் மூடியிருந்தது. பாலக்காட்டு ரயில் வர நேரம். ராஜமாணிக்கத்தின் கார் கேட்டுக்கு முன்னால் நின்றிருந்தது. மதில் வந்து, மூச்சு வாங்கிய மாதிரி கொஞ்சம் ஆடி, ரோட்டின் குறுக்கே காருக்குப் பின்னால் படிந்து நின்றது. முன்னால் கேட், பின்னால் மதில். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் மதிலின் ஓரமாகச் சுற்றி வந்தார்கள்.

ராஜமாணிக்கம் காரைவிட்டு இறங்கி மதிலைப் பார்த்தார். "எங்க போனாலும் வருவியா?" என்றார். கூட்டத்தைப் பார்க்கவில்லை, மதிலிடம்தான் கேட்டார்.

பூங்கோதை முன்னால் வந்தாள். இந்த முறை சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

"அண்ணா, உங்களக் கொறை சொல்ல எனக்கு வாயில்லை. ரெண்டு வருசம் அதுங்க அழுதது எனக்குக் கேட்டுது. கேக்காத மாதிரி இருந்தேன். நீங்க கட்டிப் போட்டீங்க, நான் காதப் பொத்துனேன். ரெண்டும் ஒண்ணுதான். இன்னிக்கு என்னால காதப் பொத்த முடியலீங்ணா. ஜூலிக்குக் கழுத்துல புண்ணு. டிக்கிக்குள்ள வேகும். தெறங்க."

அவர் நின்றுகொண்டே இருந்தார். திலகவதி பக்கத்தில் போய்க் கையை நீட்டினாள்.

"சாவியக் குடுங்க," என்றாள்.

அவர் கொடுத்தார்.

பிரின்ஸ் தானாகக் குதித்து இறங்கினான். ஜூலி இறங்கவில்லை. நாக்கு வெளியே தொங்க, கண் பாதி மூடி, ஒருக்களித்துக் கிடந்தாள். நாய் என்றால் தெரு மாறிப் போகிற பூங்கோதை டிக்கிக்குள் குனிந்து, இரண்டு கையாலும் அவளை அள்ளித் தூக்கி, மதிலின் நிழலில் கிடத்தினாள். பஸ்காரர்கள் தண்ணீர் பாட்டில்களை நீட்டினார்கள். வயிற்றில் ஊற்றினாள், காதில் தடவினாள், நாக்கில் சொட்டுச் சொட்டாக விட்டாள். ரயில் வந்தது. ஜன்னல்களில் இருந்தவர்கள் ரோட்டின் குறுக்கே நிற்கிற மதிலையும் பூமாலை போட்ட பூனையையும் பார்த்துக் கை காட்டிக்கொண்டே போனார்கள். பதினான்கு பெட்டியும் போய், தண்டவாளம் அமைதியான பிறகு, ஜூலி பூங்கோதையின் உள்ளங்கையை ஒருமுறை நக்கினாள். பிறகு மறுபடியும் நக்கினாள்.

ராஜமாணிக்கம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வெள்ளைச் சட்டை முழுக்க நனைந்திருந்தது. "நான் கட்டிட்டுப் போனா அது பாட்டுக்கு இருக்கும்னு நெனச்சேன்," என்றார்.

மதில் திரும்பி வரவில்லை. மோட்டார் வண்டிகளுக்கு வழி விட்டுக் கொஞ்சம் ஓரமாக நகர்ந்து, ரயில் கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. கேட் மூடினால் இப்போது அதன் நிழலில்தான் ஜனங்கள் நிற்கிறார்கள். ஆனைமலைக்காரர் அமாவாசை தோறும் வந்து தன் தோட்ட விஷயத்தை ஞாபகப்படுத்திவிட்டுப் போகிறார். மயில்சாமி நகரில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் மதில் இல்லை. புதிதாக ஒன்று கட்டலாமா என்று கொத்தனார் வந்து கேட்டபோது, ராஜமாணிக்கம், அதுவும் நடந்தா என்னப்பா பண்றது என்று அனுப்பிவிட்டார்.

சங்கிலி இரண்டையும் திலகவதி பழைய இரும்புக்குப் போட்டுவிட்டாள். பிரின்ஸ் அன்றைக்கே இரண்டு வீட்டு அடுப்படியையும் தன்னுடையதாக்கிக்கொண்டான். ஆனால் ஜூலி, கழுத்தில் ஒன்றுமே இல்லாத ஜூலி, கிழக்குப் பக்கத்துப் பழைய முளை இருந்த இடத்துக்கே போய்ப் படுத்தாள். எழுந்தால் அந்த இடத்தைச் சுற்றி நாலு முழ வட்டத்தில் நடப்பாள். வட்டத்தின் விளிம்பு வந்ததும், ஏதோ இழுத்த மாதிரி நின்று திரும்புவாள். கோழிக்கறியை வட்டத்துக்கு வெளியே வைத்துப் பார்த்தார்கள். பிரின்ஸை விட்டுக் கூப்பிட்டார்கள். பத்தொன்பது நாள் அவள் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை.

இருபதாம் நாள், வழக்கத்துக்கு மாறாக மத்தியானமே சாப்பிட வந்த ராஜமாணிக்கம், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, இலை போட்டிருக்க எழுந்து வெளியே வந்தார். சோப்புப் போட்டு வெளுத்த வேட்டியோடு அந்த வட்டத்துக்கு வெளியே மண்ணில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பூங்கோதை அவளுடைய ஜன்னலிலிருந்தும் திலகவதி அவளுடைய ஜன்னலிலிருந்தும் பார்த்தார்கள்.

"ஜூலி," என்றார்.

அவள் விளிம்பு வரைக்கும் வந்தாள். ஒரு முன்னங்காலைத் தூக்கினாள், வைக்கவில்லை. அவர் மறுபடியும் கூப்பிடவில்லை, கையையும் நீட்டவில்லை. உள்ளே சோறு ஆறியது. வெயில் அவர் வழுக்கையில் ஏறி உட்கார்ந்தது. வேப்பமரத்து நிழல் ஒரு கஜம் தள்ளிப் போனது. ஜூலி அந்தக் காலை வைத்தாள். இன்னொரு காலை வைத்தாள். அவர் முழங்காலை மோந்து பார்த்தாள். பின்னால் எதுவும் இழுக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது போல, கழுத்தை ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு, பிடித்தாள் ஓட்டம்.

இரண்டு வாசலையும் ஒரே பாய்ச்சலில் கடந்தாள், துவைக்கிற கல்லைத் தாண்டினாள், கேட் திறந்திருந்தது, மூன்றாவது வீதி, நான்காவது வீதி, தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூட மைதானம், மறுபடியும் மூன்றாவது வீதி. காதுகள் பின்னால் பறக்க, நாலு காலும் ஒரே நேரத்தில் தரையைவிட்டு எழும்ப, வெள்ளையாக ஒரு கோடு போல ஓடினாள். பின்னாலேயே பிரின்ஸ் ஓடினான். அவனுக்குப் பின்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பில்லாமல், தொப்பை குலுங்க, மட்டைமில் ராஜமாணிக்கம் ஓடினார். பிடிக்கத்தான் ஓடுகிறார் என்று தெரு நினைத்தது. மூன்றாவது சுற்றில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.